வயிற்றைக் கலக்கியது யார்? உணவுக் கிருமிகளை ஆய்வுக்கூடம் கண்டுபிடிக்கும் கதை

நலவாழ்வுப் பக்கத்தில் இம்முறை நாம் பார்க்கப்போவது, நம் எல்லோருக்கும் எப்போதாவது வந்துபோயிருக்கும் ஒரு தொல்லை. அதுதான் ஃபுட் பாய்சன் என்று நாம் சொல்லும் உணவு நச்சு.

ரோலாவில் நம்மவர்களுக்குச் சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. இட்லி, பரோட்டா, பிரியாணி, ஷவர்மா, மலையாள மெஸ், கராச்சி ஹோட்டல் என்று ஒரே தெருவில் பத்து ஊர்ச் சமையல் மணக்கும். அதனால்தான் ஒருநாள் வயிறு கலங்கினால் உடனே ஒரு குற்றவாளியையும் பிடித்துவிடுகிறோம். "ராத்திரி அந்தக் கடையில் சாப்பிட்டேன், அதுதான்" என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறோம்.

கடைசியாகச் சாப்பிட்டதுதான் காரணம் என்று நினைப்பது மனித இயல்பு. ஆனால் பெரும்பாலும் அது தவறான தீர்ப்பு. உண்மையான குற்றவாளி நேற்றுக் காலை உணவாக இருக்கலாம், மூன்று நாளைக்கு முந்தைய விருந்தாகவும் இருக்கலாம். அதைக் கண்டுபிடிப்பது நுண்ணுயிரியல் ஆய்வுக்கூடத்தின் வேலை. அங்கே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், நம் வீட்டு அடுப்படியிலும் சாப்பாட்டுத் தூக்கிலும் எங்கே கவனம் வேண்டும் என்பது தானாகவே விளங்கும்.

இது சாதாரண விஷயம் என்று யாரும் எண்ண வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2015-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, ஆண்டுக்குச் சுமார் 60 கோடிப் பேர் அசுத்தமான உணவால் நோயுறுகிறார்கள். 4 லட்சத்து 20 ஆயிரம் பேர் உயிரிழக்கிறார்கள். அவர்களில் 1 லட்சத்து 25 ஆயிரம் பேர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள்.

கடிகாரம் சொல்லும் துப்பு

ஆய்வுக்கூடத்துக்குப் போகும் முன்பே டாக்டர் கேட்கும் முதல் கேள்வி, "எப்போது சாப்பிட்டீர்கள், எத்தனை மணி நேரம் கழித்து ஆரம்பித்தது?" என்பதுதான். ஒவ்வொரு கிருமிக்கும் ஒரு நேரக் கணக்கு உண்டு.

சாப்பிட்ட அரை மணியிலிருந்து ஆறேழு மணி நேரத்துக்குள் கடும் வாந்தி வந்தால், ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் அல்லது பேசில்லஸ் சீரியஸ் மீது சந்தேகம் விழும். 6 முதல் 24 மணிக்குள் வயிற்று வலியும் பேதியும் என்றால், பெரிய அண்டாவில் சமைத்து மெதுவாக ஆறிய இறைச்சியில் வளரும் குளோஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் நினைவுக்கு வரும். சால்மொனெல்லா 6 மணி நேரத்திலும் வரும், 6 நாள் கழித்தும் வரும். ஷிகெல்லா பொதுவாக ஒன்றிரண்டு நாள் எடுத்துக்கொள்ளும். காய்ச்சலும் மலத்தில் ரத்தமும் சளியும் அதன் அடையாளம். லிஸ்டீரியாவோ வாரக்கணக்கில் பதுங்கியிருந்துகூட வெளிவரும்.

ஆகவே வியாழக்கிழமை வாந்தி எடுத்தவர் புதன் இரவுச் சாப்பாட்டை மட்டும் சொன்னால் போதாது. மூன்று நாள் சாப்பாட்டையும் நினைவுபடுத்திச் சொல்ல வேண்டும். கூடச் சாப்பிட்டவர்களில் யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை என்பதும் முக்கியம். பத்துப் பேரில் தயிர் பச்சடி சாப்பிட்ட ஆறு பேருக்கு மட்டும் வந்திருந்தால், பாதித் துப்பு அங்கேயே கிடைத்துவிட்டது.

நோன்புக் கடற்பாசியும் ஆய்வுக்கூடமும்

கிருமியைக் கண்ணால் பார்க்க முடியாது. அதைப் பெருகவிட்டுக் கூட்டமாகத்தான் பார்க்க வேண்டும். ஒரு பாக்டீரியாவை உணவுள்ள தட்டில் வைத்தால், அது பெருகிப் பெருகி ஒரு நாளில் கடுகளவு புள்ளியாகத் தெரியும். அந்தப் புள்ளிக்குக் காலனி என்று பெயர். தட்டில் அந்த உணவை உறையவைக்கப் பயன்படுவது எது தெரியுமா? நம் வீடுகளில் நோன்பு திறக்கும்போது செய்கிற கடற்பாசி, அதாவது சைனா கிராஸ். ஆய்வுக்கூடத்தில் அதன் பெயர் அகார்.

இதற்குப் பின்னால் ஒரு பெண்மணியின் சமையலறை இருக்கிறது. ஜெர்மனியில் ராபர்ட் கோக் என்ற விஞ்ஞானியின் கூடத்தில் 1881 வாக்கில் கிருமிகளை ஜெலட்டினில் வளர்த்துப் பார்த்தார்கள். வெயில் காலத்தில் ஜெலட்டின் உருகிவிடும். சில கிருமிகள் அதையே தின்று கரைத்துவிடும். அங்கே பணியாற்றிய வால்தர் ஹெஸ்ஸே தன் மனைவி ஆஞ்சலினாவிடம், "நீ செய்யும் ஜெல்லி மட்டும் எப்படி வெயிலில் உருகாமல் நிற்கிறது?" என்று கேட்டார். ஜாவாவில் வாழ்ந்துவந்த அண்டை வீட்டாரிடம் கற்றுக்கொண்ட கடற்பாசி ரகசியத்தை அந்த அம்மையார் சொன்னார். 1887-ல் யூலியுஸ் பெட்ரி மூடியுள்ள கண்ணாடித் தட்டை அறிமுகப்படுத்தினார். அன்று முதல் இன்று வரை உலகம் முழுதும் இதே தட்டு, இதே பாசி.

நமக்கு இதில் இன்னொரு பெருமையும் உண்டு. ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம், ராமேசுவரம் கடலோரத்துப் பெண்கள் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் கஞ்சிப்பாசியிலிருந்தும் அகார் தயாராகிறது. கிருமியைப் பிடிக்கும் வலைக்கு நம்மூர்க் கடலும் நூல் கொடுக்கிறது!

ஐந்து நாள் விசாரணை

மாநகராட்சி உணவு ஆய்வாளர் ஒரு கடையில் சாம்பிள் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கிருமி நீக்கிய கரண்டியால் எடுத்து, கிருமி நீக்கிய பையில் போட்டு, ஐஸ் பெட்டியில் உறைந்துவிடாமல் கொண்டுபோக வேண்டும். சூட்டில் விட்டால் கிருமி பெருகிப் பொய்க் கணக்குக் காட்டும். உறைந்தால் சில கிருமிகள் செத்து, வேறொரு பொய்க் கணக்குக் காட்டும்.

சால்மொனெல்லாவைத் தேடும் முறை உலகம் முழுதும் ஏறக்குறைய ஒன்றுதான். ஐ.எஸ்.ஓ. 6579 என்ற தர விதி அதைச் சொல்கிறது.

முதல் நாள்: 25 கிராம் உணவை 225 மில்லி பெப்டோன் நீரில் கலக்கி, 37 டிகிரி வெப்பத்தில் ஏறத்தாழ 18 மணி நேரம் வைப்பார்கள். சமைத்ததில், குளிர்ந்ததில், காய்ந்ததில் அடிபட்டு அரை உயிராகக் கிடக்கும் கிருமிகளுக்கு இது கஞ்சி கொடுத்துத் தேற்றுவது மாதிரி.

இரண்டாம் நாள்: தேறியவற்றை வேறு திரவங்களுக்கு மாற்றுவார்கள். அதில் உள்ள ரசாயனங்கள் மற்ற கிருமிகளை அடக்கிவைக்கும். சால்மொனெல்லா மட்டும் தாங்கி வளரும். ஒரு திரவத்தை 41.5 டிகிரியில் வைப்பது இதற்காகத்தான்.

மூன்றாம் நாள்: அதிலிருந்து ஒரு துளியை வளையக் கம்பியால் எடுத்து எக்ஸ்.எல்.டி. என்ற சிவப்பு அகார் தட்டில் இழுப்பார்கள். மறுநாள் சிவப்புத் தட்டில் நடுவே கறுப்புப் பொட்டு வைத்த காலனிகள் தெரிந்தால், சால்மொனெல்லா என்ற சந்தேகம் வலுக்கும்.

நான்காம், ஐந்தாம் நாள்: சந்தேகம் மட்டும் போதாது. எந்தச் சர்க்கரையைப் புளிக்கவைக்கிறது, யூரியாவை உடைக்கிறதா என்றெல்லாம் சோதிப்பார்கள். பிறகு எதிர்ப்பொருள் உள்ள சீரத்தில் ஒரு துளி கலப்பார்கள். பால் திரிவதுபோல் திரிந்தால் அது சால்மொனெல்லாதான். சால்மொனெல்லா என்பது ஒரே ஆள் அல்ல, 2,500-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. எந்த வகை என்பதையும் இந்தத் திரிதலே காட்டிக்கொடுக்கும்.

இடையில் ஒரு சின்னத் தகவல்: சால்மன் மீனுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. 1885-ல் இதைக் கண்டுபிடித்தவர் தியோபால்ட் ஸ்மித். பெயரோ அவருடைய மேலதிகாரி டேனியல் சால்மனுக்குப் போய்விட்டது!

25 கிராமில் ஒரே ஒரு சால்மொனெல்லா இருந்தாலும் உடனே உண்ணும் உணவு தேறாது. ஆனால் எல்லாக் கிருமிக்கும் இப்படி இல்லை. சிலவற்றுக்கு எண்ணிக்கைதான் முக்கியம். உணவைப் பத்தில் ஒன்று, நூறில் ஒன்று, ஆயிரத்தில் ஒன்று என்று நீர்க்கச் செய்து தட்டில் வளர்த்து எண்ணுவார்கள். ஆயிரத்தில் ஒன்றாகக் கலந்த நீர் ஒரு மில்லியில் 150 காலனி வந்தால், அந்த உணவு ஒரு கிராமில் ஒன்றரை லட்சம் கிருமி என்று கணக்கு.

இப்போது பி.சி.ஆர். முறையில் ஒரு நாளிலேயே "இருக்கிறதா, இல்லையா" என்று ஓரளவு சொல்லிவிடலாம். கொரோனா காலத்தில் நம் மூக்கில் குச்சி விட்டு எடுத்த அதே பி.சி.ஆர்.தான். ஆனாலும் உயிருள்ள கிருமியைத் தட்டில் வளர்த்துக் காட்டும் பழைய முறைக்கு மதிப்பு குறையவில்லை. எந்த மருந்துக்கு அது அடங்கும் என்று பார்க்க அந்தக் காலனி கையில் இருக்க வேண்டும்.

கிருமி செத்தாலும் நஞ்சு சாகாது

நம்மவர்கள் பலர் நம்பும் ஒரு விஷயம்: "நன்றாகக் கொதிக்க வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்." பாதி உண்மை. கிருமி சாகும். ஆனால் சில கிருமிகள் சாவதற்கு முன்பே நஞ்சைக் கக்கிவிட்டுப் போகின்றன.

நோயை உண்டாக்குவது கிருமியா, அது விடும் நஞ்சா என்ற கேள்விக்குக் காலரா விஷயத்தில் விடை கண்டவர் ஓர் இந்தியர். கொல்கத்தா மருத்துவக் கல்லூரியின் சம்புநாத் டே, முயலின் குடலில் சோதனைகள் செய்து, கிருமியே இல்லாத வடிநீரும் குடலில் நீர் கோர்க்கச் செய்யும் என்று 1959-ல் காட்டினார்.

உணவில் இப்படி நஞ்சு விடுபவர்களில் முதல் ஆள் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ். நம் மூக்கிலும் தோலிலும் விரலில் வந்த கொப்புளத்திலும் குடியிருப்பது. சமைத்தவர் கை வழியே உணவில் இறங்கி, சூட்டில் சில மணி நேரம் பெருகி, ஒரு கிராமில் லட்சக்கணக்கில் ஆகும்போது நஞ்சு சேர்ந்துவிடும். அதன்பின் அரை மணி நேரம் கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு முழுதாகப் போகாது. ஆய்வுக்கூடத்தில் முட்டை மஞ்சள் கரு சேர்த்த அகாரில் இது பளபளப்பான கறுப்புப் புள்ளியாகவும் சுற்றிலும் தெளிந்த வளையமாகவும் வளரும்.

இரண்டாவது ஆள் பேசில்லஸ் சீரியஸ். இது நம் சோற்றுக்கே உரிய எதிரி. மண்ணிலிருந்து அரிசியில் வித்து வடிவத்தில் ஒட்டிக்கொண்டு வருகிறது. உலை கொதிக்கும்போதும் அந்த வித்துச் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாக நிற்கும்போது முளைத்துப் பெருகி வாந்தி நஞ்சை விடும். 1970-களில் இங்கிலாந்தில் சீன உணவகங்களின் ஃப்ரைட் ரைஸ் மூலம் பலருக்கு வாந்தி வந்தபோதுதான் இது பெரிதாகப் பேசப்பட்டது. முதல்நாள் வடித்த சோற்றை வெளியிலேயே வைத்து மறுநாள் வதக்கிக் கொடுத்தார்கள். வதக்கலில் நஞ்சு போகவில்லை.

மதியச் சாப்பாட்டுத் தூக்கு

இங்கேதான் நம் ஆட்களின் கதை வருகிறது. கட்டட வேலைக்குப் போகும் தம்பிமார்களுக்கு மெஸ் சாப்பாடு விடியற்காலையிலேயே கட்டியாகிவிடும். சோறு சூடாக டப்பாவில் அடைபட்டு, சாம்பார் பக்கத்துப் பையில், பஸ்ஸில் ஏறி, சைட்டில் ஒரு கம்பியில் தொங்கும். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை கூடாது என்பது இங்கே சட்டம். உழைப்பவரை வெயிலிலிருந்து காக்கும் நல்ல சட்டம். ஆனால் அந்த இடைவேளையில் அவர் திறக்கும் டப்பா காலை முதல் அதே வெயிலில்தான் இருந்திருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கிருமிக்குப் பிடித்த வெப்பம் 5 டிகிரிக்கு மேல் 60 டிகிரிக்குள். நல்ல சூழ்நிலையில் சில கிருமிகள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். காலை 5 மணிக்கு ஒன்றே ஒன்று என்றால் மதியம் 12 மணிக்கு 21 முறை இரட்டித்து, 20 லட்சத்துக்கும் மேல்! ஒரே ஒரு கிருமியிலிருந்து என்பதை நினைவில் வையுங்கள்.

"எங்கள் பாட்டி காலத்தில் பழைய சோறு சாப்பிடவில்லையா?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பழைய சோற்றில் நீரூற்றி வைக்கிறோம். அதில் லாக்டிக் அமிலம் செய்யும் நல்ல பாக்டீரியாக்கள் பெருகிப் புளிப்பேற்றுகின்றன. புளிப்பில் கெட்ட கிருமிகள் பலவற்றுக்கு வளர்ச்சி குறைகிறது. டப்பாவில் சூடாக அடைத்த சோற்றுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

மெஸ் நடத்தும் அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் ஒரு வேண்டுகோள். முடிந்தால் மதியச் சாப்பாட்டை மதியமே அனுப்புங்கள். முடியாவிட்டால் சூட்டை 60 டிகிரிக்கு மேல் காக்கும் ஹாட் பாக்ஸில் அனுப்புங்கள். தேங்காய்ச் சட்னி, முட்டை, மீன், கிரேவி இவற்றைவிட எலுமிச்சைச் சாதம், புளியோதரை, ஊறுகாய் சற்றுத் தாங்கும். அதற்கும் எல்லை உண்டு. சாப்பிடும் தம்பிமார்களும் சைட்டில் நிழலும் குளிர்ச்சியும் உள்ள அறையில் டப்பாவை வைக்க ஃபோர்மேனிடம் கேளுங்கள். கேட்பதில் தவறில்லை.

அண்மையில் நடந்தவை

2022 மே 1 அன்று கேரளாவில் காசர்கோடு மாவட்டம் செறுவத்தூரில், ஷவர்மா சாப்பிட்ட 16 வயது மாணவி ஒருவர் உயிரிழந்தார். இன்னும் பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். காசர்கோட்டுக்காரர்கள் இல்லாத தெரு ஷார்ஜாவில் இல்லை என்பதால் அந்தச் செய்தி இங்கே பல வீடுகளை உலுக்கியது. நோயாளிகளிடம் எடுத்த மாதிரிகளில் ஷிகெல்லா உறுதியானது. கடையில் எடுத்த ஷவர்மாவில் ஷிகெல்லாவும் சால்மொனெல்லாவும் இருந்தன. அங்கிருந்த மிளகுத் தூளில்கூட சால்மொனெல்லா இருந்தது!

இதில் கவனிக்க வேண்டியது, நோயாளியிடமும் உணவிலும் ஒரே கிருமி கிடைத்தது என்பதுதான். அப்போதுதான் ஆய்வுக்கூடம் விரல் நீட்டிச் சொல்ல முடியும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் அது வெறும் சந்தேகம். ஷிகெல்லாவை உணவில் பிடிப்பது கடினம், ஏனெனில் பத்து முதல் நூறு கிருமி உள்ளே போனாலே நோய் வந்துவிடும். அவ்வளவு குறைவாக இருப்பதைத் தேடிப் பிடிக்க வேண்டும். 1897-ல் ஜப்பானில் இதைக் கண்டுபிடித்த கியோஷி ஷிகாவின் பெயரால்தான் இது அழைக்கப்படுகிறது. மலம் போய்வந்து கழுவாத கைதான் இதற்கு முக்கிய வாகனம்.

2023 செப்டம்பரில் நம் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி ஒருவர் இறந்தார். அதே கடையில் சாப்பிட்ட மேலும் நாற்பதுக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குக் கேரளா 2023 ஜனவரியிலும், தமிழ்நாடு 2025 ஏப்ரலில் ஓராண்டுக்கும் தடை விதித்தன. முட்டை ஓட்டிலும் சில நேரம் உள்ளேயும் இருக்கும் சால்மொனெல்லா, சூடே படாத மயோனைஸில் அப்படியே தங்கிவிடும் என்பதே காரணம்.

வளைகுடாவிலும் நடந்தது. 2024 ஏப்ரல் இறுதியில் ரியாத் நகரில் ஒரு பர்கர் கடைத் தொடரில் சாப்பிட்ட 75 பேர் பாதிக்கப்பட்டனர், ஒருவர் இறந்தார். சவூதி ஆய்வுக்கூடங்கள் தேடிப்போய், கடையில் பயன்படுத்திய ஒரு பாக்கெட் மயோனைஸில் குளோஸ்ட்ரிடியம் பொட்டுலினத்தைக் கண்டுபிடித்தன. அந்த மயோனைஸின் விற்பனை நாடு முழுதும் நிறுத்தப்பட்டது. கடையின் சமையலறையோடு விசாரணை நின்றிருந்தால் அந்தப் பாக்கெட்டுகள் வேறு கடைகளில் தொடர்ந்து போய்க்கொண்டே இருந்திருக்கும்.

பொட்டுலினம் காற்றில்லாத இடத்தில் வளர்வது. அதன் நஞ்சு நரம்பைத் தாக்கும். பார்வை இரட்டையாகத் தெரிதல், இமை சரிதல், பேச்சுக் குழறல், விழுங்க முடியாமை என்று மேலிருந்து கீழாக முடக்கும். இந்த அறிகுறிகள் வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. இதற்கு எதிர்நஞ்சு மருந்து உண்டு, சீக்கிரம் கொடுத்தால்தான் பயன். தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை: தேனில் இக்கிருமியின் வித்து இருக்க வாய்ப்புண்டு. ஒரு வயது ஆகாத குழந்தைக்குச் சேனை வைக்கவும் வேண்டாம், நாக்கில் தடவவும் வேண்டாம். ஊரிலிருந்து பெரியவர்கள் சொன்னாலும் பணிவாக மறுத்துவிடுங்கள்.

ஜெர்மனியில் 2011-ல் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஒரு கொடிய ஈ.கோலை வகை 3,800-க்கும் மேற்பட்டோரைத் தாக்கி, ஐம்பதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. முதலில் ஸ்பெயின் வெள்ளரிக்காய் மீது பழி விழுந்து, அந்நாட்டு விவசாயிகள் பெரும் நஷ்டம் அடைந்தனர். பிறகுதான் காரணம் முளைகட்டிய வெந்தயம் என்று தெரிந்தது. எகிப்திலிருந்து வந்த விதை வரை துப்பு போனது. அவசரத் தீர்ப்பு எத்தனை பேர் வயிற்றில் அடிக்கும் என்பதற்கு இதுவே சாட்சி. தெருமுனைக் கடைக்காரர் மேல் வாட்ஸ்அப்பில் வதந்தி பரப்பும் முன் இதை நினைத்துக்கொள்வது நல்லது.

பெட்டியில் வந்த மாத்திரை

ஊரிலிருந்து வரும்போது பெட்டியில் பத்து அட்டை ஆன்டிபயாட்டிக் கொண்டுவருவது நம் வழக்கம். இங்கே டாக்டர் சீட்டு இல்லாமல் கிடைக்காது என்பதால் பொக்கிஷம்போல் வைத்திருப்போம். வயிறு கலங்கியதும் ஒன்றைப் போட்டுக்கொண்டு, இரண்டு நாள் கழித்து அடங்கவில்லை என்று கிளினிக் போவோம். டாக்டர் மலப் பரிசோதனைக்குக் கல்ச்சர் எழுதுவார். ஆய்வுக்கூடத் தட்டில் ஒன்றும் வளராது. கிருமி அரைகுறையாக அடிபட்டு ஒளிந்திருக்கும். சாட்சியை நாமே அழித்துவிட்டோம்.

இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. காலனி கையில் இருந்தால், மருந்து தடவிய சிறு வட்டக் காகிதங்களைத் தட்டில் வைத்து, எந்த மருந்தைச் சுற்றிக் கிருமி வளரவில்லை என்று பார்ப்பார்கள். டைபாய்டு கிருமியிடம் ஒருகாலத்தில் நன்றாக வேலை செய்த சிப்ரோஃபிளாக்சசின் இன்று இந்தியாவில் பெரும்பாலும் எடுபடுவதில்லை. 2016 முதல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் பரவிய ஒரு டைபாய்டு வகைக்கு வாய்வழி மருந்துகளில் அசித்ரோமைசின் ஒன்றுதான் மிஞ்சியது. பல நாட்டவரும் ஒரே அறையில் உறங்கி ஒரே அடுப்பில் சமைக்கும் இந்த ஊரில், அறையில் ஒருவர் அரைகுறையாகப் போடும் மாத்திரை எல்லோர் பிரச்சினையும் ஆகும்.

சமையல் தொழிலில் இருப்பவர்களுக்கு இங்கே மருத்துவச் சோதனையும் ஹெல்த் கார்டும் கட்டாயம். அதைத் தொல்லை என்று நினைக்க வேண்டாம். நோயே தெரியாமல் கிருமியைச் சுமப்பவர்கள் உண்டு. அமெரிக்காவில் மேரி மாலன் என்ற சமையற்காரர் தான் நன்றாக இருந்துகொண்டே வேலை பார்த்த வீடுகளில் டைபாய்டு பரப்பினார் என்பது 1907-ல் கண்டுபிடிக்கப்பட்டது. அவர் வாழ்நாளில் மொத்தம் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் தனிமையில் வைக்கப்பட்டார். இன்றைக்கு அந்த அவலம் தேவையில்லை. சோதனையும் மருந்தும் இருக்கின்றன.

நாம் செய்ய வேண்டியவை

வீட்டிலும் அறையிலும்:

1. சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள். கோடையில் ஏசி இல்லாத இடத்தில் ஒரு மணி நேரமே அதிகம். பெரிய பாத்திரத்தை அப்படியே வைக்காமல் சிறு டப்பாக்களாகப் பிரித்தால் சீக்கிரம் ஆறும்.

2. ஃப்ரிட்ஜ் 5 டிகிரிக்குக் கீழே இருக்கட்டும். பச்சைக் கறியும் மீனும் கீழ்த்தட்டில், சமைத்தது மேல்தட்டில். பச்சைக் கறி வெட்டிய பலகையில் சாலட் வெட்டக் கூடாது.

3. கழிப்பறை போய்வந்தபின், குழந்தைக்குக் கழுவிவிட்டபின், சமைக்கும் முன் சோப்பு போட்டுக் கைகழுவுங்கள். வயிற்றுப்போக்கு உள்ளவர் அன்று சமையலறைப் பக்கம் வரவே வேண்டாம்.

4. பொங்கல், ஆண்டு விழா, இஃப்தார் என்று நம் அமைப்பு நிகழ்ச்சிகளுக்கு மொத்தமாக உணவு வாங்கும்போது, உரிமம் உள்ள சமையலறையிலேயே வாங்குவோம். எத்தனை மணிக்குச் சமைத்தது, எத்தனை மணிக்கு வந்தது என்று கேட்டு எழுதி வைப்போம். ஒவ்வொரு வகையிலும் ஒரு சிறு டப்பா எடுத்து மூன்று நாள் ஃப்ரிட்ஜில் வைத்திருப்போம். யாருக்காவது ஏதாவது ஆனால் அதுதான் சாட்சி. ஒன்றும் ஆகாவிட்டால் சமைத்தவர்மீது வீண்பழி வராமலும் அதுவே காக்கும்.

உடம்புக்கு வந்துவிட்டால்:

1. நீர்ச்சத்துதான் முதல் மருந்து. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இல்லையென்றால், ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அளவு பிசகக் கூடாது.

2. காய்ச்சலோ மலத்தில் ரத்தமோ இருந்தால் பேதியை நிறுத்தும் மாத்திரையைத் தானாகப் போடாதீர்கள். வெளியேற வேண்டியதை உள்ளே பூட்டுவதாகிவிடும்.

3. மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல், சிறுநீர் குறைதல், தலைசுற்றல், நிற்காத வாந்தி இருந்தால் உடனே டாக்டரிடம் போங்கள். கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்கள், சர்க்கரை நோயாளிகள் இவை வரும்வரை காத்திருக்கவே வேண்டாம். அவசரத்துக்கு ஆம்புலன்ஸ் 998.

4. ஆன்டிபயாட்டிக் போடும் முன் "கல்ச்சர் டெஸ்ட் தேவையா டாக்டர்?" என்று கேளுங்கள்.

5. மிச்ச உணவைக் குப்பையில் போடாமல் மூடி, ஃப்ரிட்ஜில் வையுங்கள். பில்லையும் வைத்திருங்கள். ஷார்ஜா மாநகராட்சிக்கு 993, துபாய்க்கு 800900, அபுதாபிக்கு 800555 எண்ணில் சொல்லலாம்.

புகார் சொன்னால் விசாவுக்குச் சிக்கல் வருமோ என்று சிலர் தயங்குகிறார்கள். உணவுப் பாதுகாப்புப் புகாரைக் கேட்கவே மாநகராட்சிகள் இந்த எண்களை வைத்திருக்கின்றன. 2015-ன் 10-ம் எண் கூட்டாட்சிச் சட்டம் கேடான உணவை விற்பவர்களுக்குச் சிறையும் 20 லட்சம் திர்ஹாம் வரை அபராதமும் விதிக்க வழி செய்கிறது. துபாயிலும் ஷார்ஜாவிலும் அபுதாபியிலும் உணவைச் சோதிக்கும் அரசு ஆய்வுக்கூடங்கள் இருக்கின்றன. ஆனால் தட்டில் வைக்க ஒரு மாதிரி போய்ச் சேர்ந்தால்தான் அவை பேசும். நாம் சொல்லாத ஒவ்வொரு வயிற்றுப்போக்கும் கணக்கில் வராமலே போகிறது. அடுத்த நாள் அதே கடையில், அதே மெஸ்ஸில், இன்னொரு வீட்டுப் பிள்ளை சாப்பிட உட்காருகிறான்.

குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு இங்கே உழைப்பவருக்கு உடம்புதான் முதல். ஆறிய சோற்றை நேரத்தோடு ஃப்ரிட்ஜில் வைப்பதற்கும், கையைக் கழுவுவதற்கும், ஒரு ஃபோன் போடுவதற்கும் செலவு ஒன்றும் இல்லை. இந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும் உங்கள் அறைத் தோழருக்கும் மெஸ் அண்ணனுக்கும் படிக்கக் கொடுங்கள். நலமாக உண்போம், நலமாக இருப்போம்.